1780 காலத்து மேசை என்று 2,800 டாலரைப் பிடுங்கிவிட்டார்கள், யாரும் ஏமாறாதீர்கள்

பழைய மரச்சாமான்களை இணையத்தில் வாங்குபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். கனெக்டிகட்டில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டுக்காக, பழம்பொருள் விற்கும் ஒரு தளத்தில் ஹட்ச் டேபிள் வாங்கினேன். 2,800 டாலர்!

அமெரிக்காவின் ஆரம்பகால வீடுகளில் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் பெரும்பாலும் ஒரே அறையில்தான். அதற்கென்றே செய்த சாமான் இது. வட்டமான மேல்பலகையைத் தூக்கி நிறுத்தினால் மேசை நாற்காலியாகிவிடும், பலகைதான் சாய்மானம். இருக்கைக்குக் கீழே துணிமணி வைக்க ஒரு பெட்டி.

விற்றவர் வீடியோ அழைப்பில் பலகையைத் தூக்கி நிறுத்தி, தானே உட்கார்ந்து காட்டினார். பென்சில்வேனியாவில் ஒரே பண்ணை வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது என்றார். தேய்ந்த கால்கட்டையைத் தடவிக்கொண்டே, “எத்தனை பேர் கால் வைத்த இடம் பாருங்கள்” என்றார். அந்த இடத்தில்தான் நம்பினேன். பணமும் போனது.

சாமான் வந்ததும் பலகையைக் கவிழ்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வளைவு வளைவாக ரம்பத் தடம். அது வட்ட ரம்பத்தின் தடம், அமெரிக்க அறுவை மில்களில் அது பரவியதே 1830-க்குப் பிறகுதான். 1780 பலகை என்றால் கோடுகள் நேராக இருக்க வேண்டும். போதாததற்கு உருண்டைக் கம்பி ஆணிகள் வேறு. அவை 1880-களுக்குப் பிறகே சாதாரணமாகப் புழங்கின.

கேட்டால், “பின்னாளில் பழுது பார்த்திருப்பார்கள்” என்கிறார். முழுப் பலகையுமா பழுது? தளத்தாரோ, “வயதுக்கு நாங்கள் பொறுப்பில்லை, விற்றவரிடம் பேசுங்கள்” என்று தள்ளிவிட்டார்கள். விடாமல் கேட்டதற்கு, “அருங்காட்சியகங்களே ஏமாறுகின்றனவே” என்று பதில். ஆமாம், ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 1970-இல் 9,000 டாலருக்கு வாங்கிய ப்ரூஸ்டர் நாற்காலி (17-ஆம் நூற்றாண்டுப் பாணி மர நாற்காலி) போலிதான். ஆனால் அதைச் செய்தவர் தேர்ந்த சிற்பி, உண்மை வெளியே வர வருடங்கள் ஆயின. இங்கே பலகையைத் திருப்பினாலே தெரிகிறது! தெரிந்தேதான் 2,800 டாலர் வாங்கியிருக்கிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். அடிப்பக்கப் படம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். வட்டப் பலகையின் விட்டத்தை மர இழையின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், நிஜமான பழைய பலகை சரியான வட்டமாக இருக்காது. வயதை ரசீதில் எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கார்டிலேயே கட்டுங்கள், நானும் அப்படிக் கட்டியதால்தான் இன்று வங்கியில் புகார் கொடுக்க முடிந்தது.