கல்முனை 2 கிலோ சமோசா: நடு வெந்திருக்கிறதா?

பெரிய சமோசா வாங்குகிறவர்கள் எடையைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தடிப்பை.

கல்முனையில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் சிற்றுண்டிக் கடையொன்று பிறந்தநாளுக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் கேக்குக்குப் பதிலாக இந்தச் சமோசாவைச் செய்து கொடுக்கிறது. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, பாதிக் காசு கட்ட வேண்டும். 2 கிலோ, 4 கிலோ என்று இரண்டு அளவு. 2 கிலோவைத் தாராளமாக வாங்கலாம். 4 கிலோ வேண்டாம், காரணம் கீழே.

2 கிலோவில் மா ஏறக்குறைய 700 கிராம், மிச்சம் உள்ளீடு. ஒரு பக்கம் 30 சென்ரிமீற்றர், வயிற்றில் தடிப்பு 7 சென்ரிமீற்றர். நம் பகுதியில் வழக்கமான மெல்லிய சமோசாத் தாள் இந்தப் பாரத்தைத் தாங்காது. ஆகவே 1 கிலோ கோதுமை மாவுக்கு 150 கிராம் மாஜரின், உப்பு, 350 முதல் 400 மில்லிலீற்றர் தண்ணீர் என்று இறுக்கமாகப் பிசைந்து, அரை மணித்தியாலம் ஈரத்துணியால் மூடி வைத்து, அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டுகிறார்கள். மா இளகினால் எண்ணெயில் தோலெல்லாம் கொப்புளம் போடும். இந்தக் கடைச் சமோசாவில் ஒரு கொப்புளமும் இல்லை. அது கைப்பக்குவம்.

பொரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தடிப்பு இரு மடங்கானால் சூடு நடுவுக்குப் போகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சிறிய சமோசா நாலு நிமிடத்தில் முடியும்; இதற்கு 35 நிமிடம் வேண்டும். 180 பாகை செல்சியஸில் அவ்வளவு நேரம் விட்டால் தோல் கருகிவிடும். அதனால் 150 பாகையில் நிதானமாக வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் 175க்கு ஏற்றிச் சிவக்க வைக்கிறார்கள். தாச்சியில் எண்ணெய் 12 லீற்றர். அதற்குக் குறைந்தால், சமோசா இறங்கியதும் சூடு விழுந்து மா எண்ணெயைக் குடித்துவிடும். திருப்புவது இரண்டு துளைக்கரண்டியால் அல்ல, அடியில் போட்ட கம்பி வலையால். இந்த எடையைக் கரண்டியால் தூக்கினால் நடுவில் முறியும்.

உள்ளீடு முழுதாகச் சமைத்ததாக இருக்க வேண்டும்; எண்ணெயின் வேலை அதைச் சூடாக்குவது மட்டும்தான். கிழங்கைத் தோலோடு அவித்து, மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு ஈரம் வற்றும்வரை வதக்குகிறார்கள். ஈரம் நின்றால் அது ஆவியாகி மடிப்பைப் பிளக்கும். மாட்டிறைச்சி உள்ளீடும் உண்டு, சுவையும் அதில்தான் கூட. ஆனாலும் 4 கிலோவே வேண்டாம், அதிலும் இறைச்சியோடு கேட்கவே கேட்காதீர்கள். வயிறு 10 சென்ரிமீற்றரைத் தொடுகிறது. தோல் சிவந்த பிறகும் நடு வெதுவெதுப்போடு நிற்கிறது. இறைச்சிக்கு நடுச் சூடு 75 பாகையாவது வர வேண்டும். சைவக்காரர் வீட்டுக்கு என்றால் தனி எண்ணெய் வேண்டுமென்று முன்பே சொல்லிவிடுங்கள், செய்து தருகிறார்கள்.

குறை ஒன்று உண்டு, சின்னக் குறையல்ல. மூன்று முனையிலும் மடிப்பின் மேல் மடிப்பு விழுந்து மா ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குக் குவிகிறது. வெட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். விரலில் பசைபோல் ஒட்டும். அது பச்சை மா. ஓரத்தை மட்டும் மெல்லிதாக உருட்டி, மிஞ்சியதை வெட்டிவிட்டு மாப்பசையால் ஒட்டினால் தீரும். ஓர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

உலகச் சாதனைச் சமோசா 2017 ஓகஸ்டில் கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் முஸ்லிம் எய்ட் தொண்டர்கள் பொரித்தது: 153.1 கிலோ. அதற்கு முந்தியது 2012இல் பிரட்போர்ட் கல்லூரியின் 110.8 கிலோ. மும்பையில் 2015இல் சுற்றிய ஜிலேபி 18 கிலோதான். ஆனாலும் ஜிலேபியைப் பெரிதாக்குவது பொரிப்புக் கணக்கில் இலகு. அது அகலத்தில் வளர்கிறது, இழையின் தடிப்பு கூட வேண்டியதில்லை. நம் தேன்குழலும் அந்தச் சாதிதான். உளுந்து வடைக்குத் துளை போடுவதும் இதே காரணத்துக்கு: நடு என்ற ஒன்றே இல்லாமல் போகும். சமோசாவுக்கு அந்த வசதி கிடையாது.

கடையில் வாங்கியதும் பெட்டியை இறுக மூடாதீர்கள். மட்டக்களப்புக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். வந்து சேருமுன் ஆவி தோலை நனைத்துவிடும். பெட்டியின் மூடியில் நாலைந்து துளை போட்டு, அடியில் கம்பித்தட்டு வையுங்கள். இறைச்சிச் சமோசாவை இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். வெட்ட பாண் வெட்டும் பல்லுக் கத்தி. சாதாரணக் கத்தி தோலை நொருக்கி உள்ளீட்டைப் பிதுக்கும். முனையிலிருந்து தொடங்காமல் முதலில் நடுவை வெட்டுங்கள்: ஆவி எழும்பினால் சூடு நடுவுக்குப் போயிருக்கிறது. 2 கிலோ பதினைந்து பேருக்குக் காணும். மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரு விரல் தடிப்புத் துண்டுகளாக்கித் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இருபக்கமும் வாட்டுங்கள். முனையில் வேகாமல் நின்ற மாவும் அப்போது மொறுமொறுக்கும்.