ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ்: ஒரு தட்டில் ஸ்டேஜிங், ஒரு தட்டில் லைவ்

தி.நகர் துணிக்கடைக்கும் அம்பத்தூர் கம்பெனிக்கும் ஒரே சமயத்தில் வெப்சைட் வேலை பார்க்கிறவருக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் (எந்த டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று நம் மெஷினிலேயே எழுதி வைக்கும் பட்டியல்) தொடாமல் பிழைப்பு ஓடாது. டிஎன்எஸ்ஸை, அதாவது எல்லோருக்கும் பொதுவான அந்தப் பட்டியலை, மாற்றுவதற்கு முன்னாடியே புது சர்வரில் சைட் ஒழுங்காக வருகிறதா என்று நம் மெஷினில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்: ஐபி, ஒரு இடைவெளி, டொமைன் பெயர், அவ்வளவுதான். ஆனால் விண்டோஸில் அந்த ஃபைல் சிஸ்டம்32-க்குள் எங்கேயோ கிடக்கும், நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேவ் ஆகாது, எந்த வரிக்கு முன்னால் # (அந்த வரியை முடக்கும் குறி) இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும்.

ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ் என்ற ஆப் இந்தத் தலைவலியைத்தான் தீர்க்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிளையன்ட்டுக்கு ஒரு ரூல் எழுதிப் பெயர் வைத்துவிட்டால், பக்கத்தில் ஒரு சுவிட்ச் வரும். போட்டால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஏறும், அணைத்தால் இறங்கும். வரி எண்ணைத் தட்டினால் அந்த வரி மட்டும் # ஆகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபோல்டர்தான். ஸ்டேஜிங் (சோதனை சைட்), லைவ் (நிஜ சைட்) ரூல்கள் இரண்டையும் ஒரு ஃபோல்டரில் போட்டு 'ஒன்று மட்டும்' என்று வைத்துவிட்டால், ஒன்றை ஆன் செய்ததும் மற்றது தானாக அணைந்துவிடும். ஸ்டேஜிங் என்று நினைத்துக்கொண்டு லைவ் சைட்டில் டெஸ்ட் ஆர்டர் போடும் கூத்துக்கு வேலையே இல்லை.

செட்டிங்ஸில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலை முழுசாக மாற்றி எழுதவா, இருப்பதற்குக் கீழே சேர்க்கவா என்று கேட்கும், கீழே சேர்க்கவே சொல்லுங்கள். டாக்கர் டெஸ்க்டாப் மாதிரி வேறு ஆப்களும் அதே ஃபைலில் தங்கள் வரிகளை எழுதி வைத்திருக்கும், முழுசாக மாற்றினால் அதெல்லாம் போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. நான் வைத்திருக்கும் 4-ஆம் பதிப்பு எலக்ட்ரானில் (குரோமியம் பிரவுசரையே உள்ளே வைத்து ஆப் கட்டும் கருவி) கட்டியது, ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திருத்த முழு குரோமியமா என்று எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதுவும் 8 ஜிபி ஆபீஸ் லேப்டாப்பில். அப்புறம், சுவிட்சைப் போட்ட பிறகும் பிரவுசர் பழைய சர்வரையே காட்டினால் ஆப்பைத் திட்டாதீர்கள், அது பழைய விலாசத்தை நினைவில் வைத்திருக்கும் கேஷின் வேலை. ரூல் மாறியதும் ஒரு கட்டளையை ஓட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது, டிஎன்எஸ் கேஷைக் காலி செய்யும் கட்டளையை அங்கே போட்டு வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிரவுசரை மூடித் திறங்கள். *. போட்டு எல்லா சப்டொமைனையும் ஒரே வரியில் பிடிக்க முடியாது, ஆனால் அது ஹோஸ்ட்ஸ் ஃபைலின் குணம், எந்த ஆப் வந்தாலும் அப்படித்தான்.

எப்போதாவது ஒரு வரி மாற்றுகிற விண்டோஸ்காரருக்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித் தொகுப்பில் வரும் ஹோஸ்ட்ஸ் எடிட்டரே தாராளம், அதுவும் இலவசம்தான். மேக்கில் அது கிடையாது என்பதால் அங்கே என் ஓட்டு இதற்கே.