ஏஎம்டியா, இன்டெல்லா: எட்டுப் பங்குகளும் ஒரு மதர்போர்டும்

வெளியில் சாப்பிடும் செலவைச் சற்றுக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தில், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏஎம்டி, இன்டெல் என்ற இரண்டு கணினிச் சிப் நிறுவனங்களின் பங்குகளையும் வாங்கினேன். பெரும்பகுதி ஏஎம்டிக்குப் போயிற்று, இன்டெல்லில் எட்டே எட்டுப் பங்குகள். போனாலும் தூக்கம் கெடாத தொகை என்பதால், இதை முதலீடு என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்களின் அன்றாட வேலைக்கு, கணினியின் மூளையான பிராசசர் எந்த நிறுவனத்தினுடையதானாலும் போதும். என்னை முதலில் ஏஎம்டி பக்கம் இழுத்தது, பிராசசரும் மற்ற பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டுதான். 2018இல் ஏஎம்டியின் ரைசன் 2600 பிராசசருடன் வாங்கிய பி450 போர்டிலேயே, பயாஸ் என்னும் அதன் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022இல் ரைசன் 5600ஐப் பொருத்தினேன். பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்துபோயிருந்ததைத் துடைத்து, புதிய பசையைப் பட்டாணி அளவு வைத்துக் கூலரை மாட்டியதோடு வேலை முடிந்தது. இன்டெல்லோ 2017இல் எட்டாம் தலைமுறைப் பிராசசர்களைக் கொண்டுவந்தபோது, பிராசசர் பொருந்தும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்றே இருந்தும், புதிய போர்டைக் கேட்டது.

ஆனால் பங்கு வாங்குபவருக்கு இது சில்லறைக் காரணம். சிப் செய்யும் தொழிற்சாலையைக் கட்டிக் காக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சொந்த ஃபேப் (சிப் ஆலை) வைத்திருப்பவனே ஆண்பிள்ளை என்ற பொருளில் பேசியவர் ஏஎம்டியின் நிறுவனர்களுள் ஒருவரான ஜெர்ரி சாண்டர்ஸ். அதே ஏஎம்டி 2009இல் தன் ஆலைகளை குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. கையில் பணமில்லாமல் 2013இல் ஆஸ்டின் வளாகத்தையும் விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. 2015இல் அதன் பங்கு இரண்டு டாலருக்கும் கீழே கிடந்தது. பின்னர் லிசா சூவின் தலைமையில் 2017இல் ரைசன் வந்தது. 2019இல், பிறருக்காகச் சிப் செய்துகொடுக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் ஆலைக்கு (எண் சிறியதானால் நுட்பம் புதியது) மாறியதும் ஆட்டமே மாறியது. அப்போது இன்டெல் தன் 10 நானோமீட்டர் ஆலையோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஆலை சொந்தமாக இருந்ததால், ஆலை தாமதித்தபோதெல்லாம் அதன் வடிவமைப்புகளும் கூடவே காத்துக் கிடந்தன.

இன்டெல்லின் ஃபவுண்ட்ரிப் பிரிவு, அதாவது அதன் சிப் ஆலைகளை நடத்தும் பிரிவு, 2023இல் மட்டும் ஏறத்தாழ 700 கோடி டாலர் இயக்க நட்டத்தைக் காட்டியது. நான் வாங்கிய சில வாரங்களிலேயே, காலாண்டு ஈவுத்தொகை பங்குக்கு 36.5 சென்டிலிருந்து 12.5 சென்டாகக் குறைந்தது. எட்டுப் பங்குகளுக்கு ஒரு டாலர். அமெரிக்காவில் 25 விழுக்காடு வரி பிடித்தது போக 75 சென்ட், அதாவது நான்கு தேநீர். 2024 ஆகஸ்டில் அதையும் நிறுத்தப்போவதாக அறிவித்த மறுநாளே பங்கு கால்வாசிக்கும் மேல் சரிந்தது. ஏஎம்டி ஈவுத்தொகையே தருவதில்லை, ஆகவே அங்கே தேநீருக்கான எதிர்பார்ப்பும் இல்லை.

பிறர் ஆலையை நம்பியிருக்கும் ஏஎம்டியின் இந்த வாடகை வீட்டுக்கும் ஓர் அச்சம் உண்டு. டிஎஸ்எம்சியின் மிக முன்னேறிய ஆலைகள் பெரும்பாலும் தைவானில் இருக்கின்றன. அங்கே போர் மூண்டாலோ பெரிய நிலநடுக்கம் வந்தாலோ, சொந்த ஆலை வைத்திருப்பவர்தான் சரக்கு கொடுக்க முடியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெல்லில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். நிறுவனங்கள் வாங்கும் பெரிய சர்வர் கணினிகளின் சந்தையைச் செய்திகளின் வழியாக மட்டுமே அறிந்தவன் என்பதால், அங்கே யார் வெல்வார் என்று அடித்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அதனால் அந்த எட்டுப் பங்குகளை விற்காமல் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பணம் ஏஎம்டிக்கே போகிறது.