அரை கிரவுண்டில் எத்தனை புள்ளி?

சென்னையில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் மனை அரை கிரவுண்டு. 1200 சதுர அடி, மீட்டரில் ஏறக்குறைய 111 சதுர மீட்டர். "ஆகாயத்திலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாமே" என்று பயப்படுகிறவர்களிடம் நான் இந்த அரை கிரவுண்டு கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுக்கும். ஆனால் அதில் ஒரு புள்ளி (பிக்சல்) என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். வீடு, வாசல், வேப்பமரம், வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி! அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் எட்டு வீடு சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. இஸ்ரோவின் புவன் தளத்தில் பல நகரங்களுக்கு 1 மீட்டர் அளவில் படம் இருக்கிறது. நம் வீடு அங்கே 111 புள்ளி. கூகுள் போன்ற தளங்களில் 30 செ.மீ. படம் இருக்கும் இடமானால் சுமார் 1200 புள்ளி.

சரி, 1200 புள்ளியில் என்ன தெரியும்? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மூன்று நான்கு புள்ளி அகலம். தெருவில் நிற்கும் கார் பதின்மூன்றுக்கு ஆறு. வடாம் காயப்போட விரித்த நாலு முழ வேட்டி ஆறுக்கு நாலு. வடாம் பிழிகிற ஆள்? தோள் அகலம் அரை மீட்டர்கூட வராது, ஆகவே இரண்டு புள்ளி. வேட்டி தெரியும் அளவுக்கு அதைக் கட்டுகிறவர் தெரியமாட்டார். இன்னொன்று, இது நேரலை கிடையாது. நாம் பார்க்கும் படம் பல மாதம், சில இடங்களில் இரண்டு மூன்று வருடம் பழையது. போன வருடம் இடித்த வீடு இன்னும் மேப்பில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த அளவு விஞ்ஞானத்தின் எல்லை என்று நினைக்க வேண்டாம். 2014 வரை அமெரிக்க நிறுவனங்கள் 50 செ.மீ.க்கு மேல் துல்லியமான படத்தைப் பொதுச் சந்தையில் விற்க அந்நாட்டு அரசு அனுமதிக்கவில்லை. அந்த வருடம் வரம்பை 25 செ.மீ. ஆக்கினார்கள். ஆகஸ்டிலேயே 31 செ.மீ. துல்லியத்தோடு வேர்ல்ட்வியூ-3 மேலே போய்விட்டது. மேலை நாட்டு நகரங்களில் 'சாட்டிலைட்' என்று நாம் அழுத்திப் பார்ப்பதில் நிறைய, விமானத்திலிருந்து எடுத்த படம். அது இன்னும் நெருக்கம்.

ஆளைப் பார்க்கவில்லை என்றாலும் சொத்தைப் பார்க்கும். 2010-இல் கிரேக்கத்தில் ஏதென்ஸின் வடக்கே பணக்காரர்கள் வசிக்கும் பகுதிகளில் நீச்சல் குளம் இருப்பதாக வரி அலுவலகத்தில் ஒப்புக்கொண்டவர்கள் 324 பேர். செயற்கைக்கோள் படத்தில் எண்ணியபோது 16,974 குளம். பிரான்சில் 2022-இல் வான்வழிப் படங்களைக் கணினியே அலசி, கணக்கில் காட்டாத 20,356 குளங்களைக் கண்டுபிடித்தது. ஒரு கோடி யூரோ வரி வந்தது. நீலக் குளத்துக்குப் பதில் நம்மூரில் அனுமதி இல்லாத மேல்மாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், கதை ஒன்றுதான்.

யார் எதை மறைக்கிறார்கள்

கூகுள் எர்த் வந்தது 2005 ஜூனில். அதே வருடம் அக்டோபரில் ஐதராபாத்தில் போலீஸ் அதிகாரிகளிடையே பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இப்படிப்பட்ட படங்கள் பயங்கரவாதிகளுக்கு உதவும் என்று கவலைப்பட்டார். ராக்கெட் துறையில் வாழ்நாளைக் கழித்தவர் சொன்னதால் அந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் இருந்தது. ஆனால் அந்தக் கவலை அரசுக் கட்டடங்களையும் ராணுவத் தளங்களையும் பற்றியது. நம் மொட்டை மாடி அதில் எங்கேயும் இல்லை.

2009 ஆகஸ்டில் வந்த புவனும் அந்த வழியில்தான் நடக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் நடத்துகிறது. ராணுவ இடங்கள் அதில் இருக்காது. நம் வீடு அதில் மங்கலாகத் தெரிவதற்கு நம் அந்தரங்கத்தின் மீதுள்ள அக்கறை காரணமில்லை, படத்தின் அளவு அவ்வளவுதான். கூகுளா புவனா என்று கேட்டால், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க முடியாதது புவனில். அது தற்செயலான பாதுகாப்பு. நாளைக்கே நல்ல படம் போட்டால் போய்விடும். 2019-இல் ஏவிய கார்ட்டோசாட்-3 25 செ.மீ. வரை பார்க்கக்கூடியது என்பதை மறக்க வேண்டாம்.

ஜெர்மனியில் நேர் எதிர். 2010-இல் கூகுள் அங்கே 20 நகரங்களில், தெருத் தெருவாகக் கார் ஓட்டி எடுத்த படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவைக் கொண்டுவந்தபோது, "என் வீட்டைக் காட்டாதே" என்று சுமார் 2,44,000 குடும்பங்கள் எழுதிக் கொடுத்தன. நூற்றுக்கு மூன்று வீடு. அவற்றையெல்லாம் மங்கலாக்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எஸ்ஸன் நகரில் சிலர், மங்கலாக்கப்பட்ட வீடுகளைத் தேடிப் போய் முட்டை அடித்து, கூகுளைப் புகழ்ந்து சீட்டும் ஒட்டிவிட்டு வந்தார்கள். தெரு முழுக்கத் தெளிவாக இருக்கும்போது ஒரு வீடு மட்டும் மங்கலாக இருந்தால் கண் அங்கேதானே போகும்?

எட்டடி உயரக் கண்

மேலிருந்து பார்ப்பதையும் தெருவிலிருந்து பார்ப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. நம் காம்பவுண்டுச் சுவர் ஐந்தடி, மிஞ்சினால் ஆறடி. தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கட்டிய உயரம். கார் கூரைமேல் பொருத்திய கேமராவோ எட்டடி உயரத்தில் போகிறது. கொடியில் காயும் துணி, திறந்திருக்கும் ஜன்னல், வராந்தாவில் பனியனோடு பேப்பர் படிக்கும் தாத்தா எல்லாம் அதற்குத் தெரியும். தாத்தாவின் முகத்தை மங்கலாக்கிவிடுவார்கள். பனியனையும் ஈசிசேரையும் பார்த்தே தெருவில் எல்லோரும் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது கணினிக்குத் தெரியாது.

ஜப்பானில் இந்தச் சுவர்ப் பிரச்சினை பெரிதாகி, 2009-இல் கூகுள் தன் கேமராவை 40 செ.மீ. இறக்கி, மறுபடி படம் எடுக்க வேண்டியதாயிற்று. சட்டப் புத்தகம் முழுக்கச் சொல்ல முடியாததை அந்த 40 செ.மீ. சொல்லிவிடுகிறது. அந்தக் கார்கள் படத்தோடு நிற்கவுமில்லை. பூட்டுப் போடாத வைஃபைகளில் ஓடிய தகவல்களையும் அள்ளிக்கொண்டு போனது 2010-இல் தெரியவந்தது. 2013-இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களோடு 70 லட்சம் டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது.

இந்தியாவில் இது தாமதம். 2011-இல் பெங்களூரில் கூகுள் கார்களை போலீஸ் நிறுத்தியது, 2016-இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில், தெருப்படம் எடுக்க இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ வந்தபோது, படம் எடுத்துக் கொடுத்தவை டெக் மஹிந்திராவும் ஜெனிசிஸும். அதே மாதம் மேப்மைஇந்தியா நிறுவனம் தன் மேப்பிள்ஸ் ஆப்பில் ரியல்வியூ என்று போட்டிக்கு ஒன்றை இறக்கியது. இரண்டில் எது தேவலை? உள்நாட்டு நிறுவனம் என்பதால் சுவருக்குமேல் எட்டிப் பார்ப்பது குறையாது. கேமராவை இறக்கு என்று நம்மில் யாரும் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கூகுளின் தெருப்படத்தில் உங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்ல வழி இருக்கிறது. அந்தப் படத்திலேயே பிரச்சினையைப் புகார் செய்யும் இடத்தை அழுத்தினால் போதும். ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பத் தெளிவாக்க முடியாது. வீடு விற்கும் யோசனை இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு, தனி ஆள் அழுத்தும்படியான அப்படியொரு பட்டன் கிடையாது.

பெயர்ப்பலகை

இவ்வளவு பேசியும் முக்கியமான ஆசாமியை இன்னும் சொல்லவில்லை. செயற்கைக்கோளுக்கு நம் கூரை தெரியும், பெயர் தெரியாது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

யார் வேண்டுமானாலும் மேப்பில் பெயர் எழுதக்கூடிய விக்கிமேப்பியா 2006-இல் வந்தபோது நம்மாட்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். படத்தில் கட்டம் போட்டு, "எங்கள் வீடு", "மாமா வீடு" என்று எழுதித் தள்ளினோம். ஊரில் முதல் மெத்தை வீடு கட்டியவர் ஆண்டை முகப்பில் பொறிப்பது போன்ற ஒரு பெருமை. இன்றைக்கும் கூகுள் மேப்பில் எந்தத் தெருவைத் திறந்தாலும் கடைகளுக்கு நடுவே ஏதோ ஒரு இல்லம், ஏதோ ஒரு நிவாஸ் முளைத்திருக்கும். சிலவற்றில் போன் நம்பர், கிரகப்பிரவேசப் படம், ஐந்து நட்சத்திர மதிப்புரை வேறு. எங்கள் வீட்டுக்கும் மச்சான் ஒருவர் இப்படியொரு பலகை வைத்தார், கூரியர்காரருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. அப்பாவின் பெயர், என் செல் நம்பர், வாசல் படம். நல்ல எண்ணம்தான். ஆனால் 1200 புள்ளியில் இல்லாத அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இங்கே மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைவது. குடியிருப்பவர் பெயரை எழுதாதே என்பது அவர்களின் நடைமுறை. கட்டடம் இருக்கும், கதவு எண் இருக்கலாம், ஆள் இருக்கமாட்டார். குறையும் உண்டு. நம்மூரில் கதவு எண்கள் அதில் அபூர்வம். சென்னையின் பழைய நம்பர், புது நம்பர் கூத்தை எந்த மேப்தான் முழுசாகத் தீர்த்தது?

பார்க்கிறவரைப் பார்ப்பது

கூரையைப் பற்றி நம்மால் ஆகக்கூடியது கொஞ்சம். எந்த ஆப்பை வைத்துக்கொள்வது என்பது மட்டும் நம் கையில். ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது இங்கேதான்.

கூகுள் மேப்பில் டிராபிக் சிவப்பாகத் தெரிகிறதே, அது விண்வெளியிலிருந்து வருவதாக நினைப்பவர்கள் உண்டு. அது நம் பாக்கெட்டிலிருந்து வருகிறது. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு சிறு தள்ளுவண்டியில் 99 போன்களைப் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பானது. அந்தச் சிவப்பில் நாமும் ஒரு துளி. அதை மனமறிந்து கொடுக்கலாம், தப்பில்லை; ஆம்புலன்சுக்கும் அது வழி காட்டும். மனமறியாமல் போவதுதான் கோளாறு. கூகுளில் இருப்பிட வரலாற்றை அணைத்த பிறகும் வேறொரு செட்டிங் வழியாகப் பதிவு தொடர்ந்ததை அசோசியேட்டட் பிரஸ் 2018-இல் வெளிக்கொண்டுவந்தது. 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. அதன்பிறகு, நாம் போய்வந்த இடங்களின் பதிவான டைம்லைனை நம் போனிலேயே வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். முன்னேற்றம்தான்.

ஆப்பிள் மேப்ஸ், தேடலை நம் கணக்கோடு சேர்ப்பதில்லை, அடிக்கடி மாறும் அடையாள எண்ணோடு மட்டும் வைக்கிறோம் என்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு, ஆண்ட்ராய்டில் அந்த ஆப் கிடையாது. மேப்பிள்ஸ் பதிவை உள்நாட்டு நிறுவனத்திடம் கொண்டுபோகிறது. பதிவு பதிவுதான், அலமாரி மட்டும் வேறு. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை மொத்தமாகப் போனில் இறக்கிக்கொண்டு, நெட் இல்லாமலே வழி காட்டும். நீங்கள் எங்கே போனீர்கள் என்பது போனைத் தாண்டாது. அதற்கு விலை, டிராபிக் தெரியாது.

நான் மூன்றை வேலைக்குத் தக்கபடி வைத்திருக்கிறேன். தெரிந்த ஊருக்குள் ஆர்கானிக். ஏர்போர்ட்டுக்கு நேரத்தில் போக வேண்டுமானால் கூகுள், டைம்லைனை அணைத்துவிட்டு. மனை பார்க்கப் போனால் கூகுள் எர்த்தின் பழைய படங்கள். பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் "நல்ல மேட்டு நிலம் சார்" என்று புரோக்கர் சொன்னால், வருடத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அந்த ஒரு உபயோகத்துக்காக என் வேட்டி ஆறுக்கு நாலு புள்ளியாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்வேன்.

ஓட்டம், சைக்கிள் ஆப்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். அப்படிப்பட்ட ஆப்பான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய தடங்களை ஒளிக்கோடுகளாகக் காட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனத்து ராணுவ முகாம்களைச் சுற்றிச் சிப்பாய்கள் ஓடிய தடம் ஒளிர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டும்வரை யாரும் கவனிக்கவில்லை. படத்திலிருந்து முகாமையே அழித்தாலும் ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

யாருக்காவது வழி சொல்ல வேண்டுமானால் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் போதும். 15 நிமிடம் என்று தேர்ந்தெடுத்தால் தானே நின்றுவிடும். மச்சானிடம் இதைச் செய்து காட்டினேன். பலகையிலிருந்து செல் நம்பரையும் வாசல் படத்தையும் எடுத்துவிட்டார். அப்பாவின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. "அவரு கட்டின வீடு மாமா, அது இருக்கட்டும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.