காலில் ஆறாத புண்: மருவா, சர்க்கரைப் புண்ணா, புற்றா?

தோல் புற்றுநோய் என்றதும் வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர் முகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாம் முதலில் பார்க்க வேண்டியது காலை. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா எனும் செதிள் செல் புற்று, நம் நாட்டில் பழைய தீக்காயத் தழும்பிலும் வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும் முளைப்பது உண்டு. ஏற்கெனவே கோளாறு உள்ள இடம் என்பதால் புதிதாக வந்ததை யாரும் கண்டுகொள்வதில்லை.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். கால் ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் வலி அதிகம். டாக்டர் மருவின் மேல்தோலைச் சீவினால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஆணியில் அவை இருக்காது. ஆனால் உள்ளங்காலில் மரு மாதிரியே தொடங்கி, மெதுவாகப் பெருத்து, நாற்றத்தோடு கசியும் புற்றும் ஒன்று உண்டு. அதனால் நடுவயதுக்கு மேல் புதிதாக வந்து வளர்ந்துகொண்டே போகிற ‘மரு’வில் சுண்ணாம்பு வைக்காதீர்கள்.

படர்தாமரை நன்றாக அரிக்கும், வட்டமாகப் பரவும், நடுவில் தெளியும், சரியான மருந்து போட்டால் சில வாரங்களில் அடங்கும். புற்றின் தொடக்க நிலையான போவன் நோய் பெரும்பாலும் ஒரே ஒரு சிவந்த, செதில் படிந்த திட்டு. எந்தக் களிம்புக்கும் அடங்காமல் மாதக்கணக்கில் மெல்ல விரியும். மெடிக்கலில் டியூப் மாற்றி மாற்றி வாங்கித் தடவுவதில் போகும் காலம்தான் இங்கே பெரிய நஷ்டம்.

உண்மையில் குழப்புவது சர்க்கரைப் புண். அது அழுத்தம் விழும் இடத்தில், பெருவிரலடியிலோ குதிகாலிலோ வரும். உணர்ச்சி குறைந்திருப்பதால் வலி தெரியாது. சுற்றிலும் காய்த்த தோல் இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, அந்த இடத்தில் பாரம் படாமல் பார்த்து, சீழைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் வாரா வாரம் கொஞ்சமாவது சுருங்கும். புற்றாக மாறிய புண்ணின் விளிம்பு மேலெழுந்து வெளிப்பக்கம் மடிந்து நிற்கும். தொட்டால் அடியில் கெட்டியாக இருக்கும். காலிஃப்ளவர் போலச் சதை துருத்தும். கட்டு பிரிக்கும்போதே ரத்தம் கசியும். ஒழுங்காகக் கவனித்தும் ஆறு வாரத்தில் சுருங்காத புண்ணுக்கு இன்னொரு ஆன்டிபயாடிக் பதிலாகாது.

தழும்பும் அப்படியே. சின்ன வயதில் விறகடுப்பிலோ சுடுதண்ணீரிலோ வெந்து, தோல் வைத்து ஆபரேஷன் செய்யாமல் தானாக ஆறிய தழும்பு, முட்டி மடிப்பில் இருந்தால் அடிக்கடி வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். இருபது, முப்பது வருஷம் கழித்து அதே இடத்தில் வரும் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். வெயிலால் வரும் வகையைவிட இது முரடானது, சீக்கிரம் பரவக்கூடியது. தொடை இடுக்கில் நெறி கட்டினால் கிருமியாலும் இருக்கலாம், பரவியதாலும் இருக்கலாம். கையால் தொட்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

சரி, எப்படித்தான் உறுதி செய்வது? பயாப்சிதான், அதாவது சதை எடுத்துப் பார்ப்பது. சில வாரங்களில் குமிழாக வளர்ந்து நடுவில் குழி விழும் கெரட்டோஅகாந்தோமா என்ற தோல் கட்டி தானாகவே வற்றிவிடக்கூடும். ஆனால் பார்வைக்குப் புற்றேதான். அனுபவமுள்ள தோல் டாக்டரும் கண்ணால் மட்டும் பிரிக்கத் தயங்குவார். புண்ணின் விளிம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் துணுக்கு எடுப்பது நல்லது. அழுகிய நடுப்பகுதியில் மட்டும் எடுத்தால் புற்று தப்பிவிடலாம். ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் கடைசியில் காலை எடுக்க நேர்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் சுற்றியுள்ள நல்ல தோல் கொஞ்சத்தோடு வெட்டியெடுத்தே பெரும்பாலும் குணமாக்கலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும்போது தழும்பு எத்தனை வருஷத்துப் பழசு, புண் எப்போதிலிருந்து மாறியது, இதுவரை என்னென்ன தடவினீர்கள் என்ற மூன்றையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.