நடத்தைக் கோவையா, மனச்சாட்சியா?

மட்டக்களப்பில் மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவருக்குக் கையில் இரண்டு அளவுகோல்கள். ஒன்று சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கத்தின் நடத்தைக் கோவை, அதாவது தொழில் நெறி விதிகளின் தொகுப்பு. வெனிஸ் (1961), ஏதென்ஸ் (1965), பிரஸ்ஸல்ஸ் (2007) கோவைகளை 2011இல் ஒன்றாக்கியது அது. மற்றது அவரவர் மனச்சாட்சி.

காசு விஷயத்தில் கோவைதான் வசதி. செய்தியாளருக்குக் காசு கொடுக்காதே என்று தெளிவாக இருக்கிறது. முதலாளியிடம் காட்டி மறுக்கலாம். மனச்சாட்சியைச் சொல்லி மறுத்தால், "தம்பி பெரிய ஆளாகிட்டீங்க" என்பார்.

ஆனால் இங்குள்ள பாசிக்குடாக் கடற்கரையை எடுங்கள். சித்திரையில் கடல் குளம் மாதிரி, மாரியில் அப்படியில்லை. டிசம்பரில் சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் செய்தி அறிக்கைக்குச் சித்திரைப் படத்தைப் போட்டால், ஒரு பொய்யும் எழுதாமலே ஏமாற்றிவிடலாம். இதையும் கோவை தடுக்கிறதுதான், ஆனால் படம் எடுத்த தேதியை யார் கேட்கப் போகிறார்? அதை நம்பிப் பிள்ளைகளோடு வருவது கொழும்பில் இருக்கும் உங்கள் அக்கா என்றால் போடுவீர்களா? இங்கே என் ஓட்டு மனச்சாட்சிக்கே.

சரி, செய்தியாளர் சொந்த மச்சானாகவே இருந்தால்? கல்யாண வீட்டில் அவர் கையில் மொய் கொடுக்கும்போது, எனக்கு இரண்டுமே உதவியதில்லை.