மூடி வைத்ததுதான் கெடுத்தது

மெல்பர்னிலிருந்து பினாங்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்குப் போனேன். அப்பாவின் மோரிஸ் மைனர் அங்கே ஒரு கொட்டகையில் நிற்கிறது. எங்கள் ஐந்து பேரையும் திணித்துக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போன கார் அது. இரண்டு வருடமாக மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) வாடகை கட்டி வைத்திருந்தேன்.

பிளாஸ்டிக் உறையை விலக்கினால் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். சீட்டில் பூஞ்சணம். கதவுக்கு அடியில் ஓடும் சில் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லா மூடித்தாண்ணே வெச்சோம். வாரம் தவறாம அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவோம்" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. காரைக் கெடுத்ததே அந்த இரண்டும்தான்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், அந்தக் காற்றைவிட நாலு டிகிரி குளிர்ந்த இரும்பு கிடைத்தால் போதும், அதன்மேல் நீர் படியும். கீழே சிமென்ட் தரையும் ஈரம் விடுகிறது. பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. பகலில் ஆவி, விடியற்காலையில் துளி. அதோடு கடல் உப்பு வேறு. உப்பு படிந்த தகடு பனி இறங்கும்வரை காத்திருக்காது. காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் பண்ணும் விஷயம் எனக்கே புதிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஐந்து நிமிடத்தில் சைலன்சர் முழுக்கச் சூடாகாது. அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. எடுத்தால் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும்.

முதலில் போன பட்டறையில் "அடியில தார் அடிச்சிடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். துருவின் மேல் தார் பூசினால் வெடிப்பு வழியாக நீர் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். மோரிஸ் மைனருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது. உடம்புதான் எடையைத் தாங்குகிறது, சில் தகடும் அதில் ஒரு பங்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் அத்தான் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வயதான போமனிடம் (கார் மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கூட்டிப்போனார். காரைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். நல்ல தகடு 'டங்' என்றது, உளுத்தது 'டொப்' என்றது. டொப் என்ற இடமெல்லாம் சாக்பீஸ் குறி. கதவின் அடியில் நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தினார். கறுத்த மண்ணும் இலைச்சருகும் கொட்டின. "தம்பி, மேல பளபளன்னு இருக்கிறத பாக்காதீங்க. தண்ணி உள்ள வந்தா வெளிய போக வழி இருக்கான்னு பாருங்க" என்றார். இரண்டு வருடமாக நான் பணம் கட்டிய இடத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை.

உளுத்ததை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தார். துத்தநாக பிரைமர் அடித்த பிறகு, நீளக் குழாய் வைத்து உள்பொந்துகளில் லானோலின் பீய்ச்சினார். செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. காய்ந்து வெடிக்காது, ஈரத்தையும் அண்டவிடாது. பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். இந்தக் காரில், மிதியை அழுத்தும்போது அந்த எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. மாற்றினார், எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னார். பதினொரு நாள் வேலை. தினமும் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும்.

கார் இப்போது அக்கா வீட்டில், கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது. கொட்டகைக்குக் கதவு போட்டு, இடுக்குகளை அடைத்து, காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின், கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையர், வாங்கி வைத்தேன். நம் வெப்பத்துக்கு அந்த வகைதான் சரி. முதல் நாள் ஈரப்பத மீட்டர் 84 விழுக்காடு காட்டியது, நாலாம் நாள் 55. 50 பக்கம் நின்றால் போதும். ரொம்பக் காய்ந்தால் தோல் வெடிக்கும். தொட்டி நிறைந்தால் மெஷின் நின்றுவிடும் என்பதால் குழாய் மாட்டி வெளியே விட்டிருக்கிறேன். மேலே காற்றுப் போகும் துணி உறை, கண்ணாடி ஒரு விரல் திறப்பு, பேட்டரி கழற்றி வைத்தாயிற்று. எலிக்கு வலை.

அக்கா மகன் ஞாயிறுதோறும் மீட்டரைப் படமெடுத்து அனுப்புகிறான். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஒரு சாக்பீஸ் குறி மட்டும் அழியாமல் இருக்கிறது. இப்போதைக்கு மேல் துருதான், லானோலின் போட்டிருக்கிறது. தைப்பூசத்துக்கு வரும்போது அதை மறுபடி தட்டிக் கேட்கலாம் என்று போமன் சொல்லியிருக்கிறார்.